முப்புரி கண்ட பேராசிரியர் இராமச்சந்திரன்

பெரியோர் சரிதங்களைக் குடும்பத்தார் கூடியிருந்து வாசித்தல் நன்மை பயக்கும் என்னும் கருத்தினால், புலவர், வள்ளல்கள், தேசத் தொண்டர் முதலியோரைப் பற்றி இவ்விதழில் எழுதி வருகின்றோம். இம்மாதம் விஞ்ஞானி ஒருவரது சரிதத்தை எடுத்துக்கொண்டோம். அவர் மதுரையிற் பிறந்தவரல்லர். நம் சங்கத்தைச் சார்ந்தவருமல்லர். எனினும் அவர் கண்ட உண்மை நம் ஒவ்வொருவர் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் உறைந்து கிடப்பது. அன்றியும், பெண் கொடுக்கும்போதும் கொள்ளும்போதும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய விஷயமொன்று அவ்வுண்மையோடு பிணைந்து நிற்கின்றது. ஆதலின் சிறிது விரித்தே எழுதுகின்றோம்.

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் 1922-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 8-ஆம் தேதி எர்ணாகுளத்திற் பிறந்தார். தந்தையார் அந்நகரத்து மகாராஜா கலாசாலையில் கணித ஆசிரியராயிருந்தவர். வீட்டிலேயே கணிதம் விளையாட்டாகக் கற்பிக்கப்பட்ட பிள்ளைக்குப் பிற்காலத்தில் எண்களைக் கண்டு அச்சம் தோன்றாததில் வியப்பில்லை. திருச்சிராப்பள்ளி அர்ச். சூசையப்பர் கலாசாலையில் பௌதிகம் பயின்று, 1942-இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பின்னர்ப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்சாரப் பொறியியல் கற்கச் சேர்ந்தார். அங்கே பௌதிகப் பகுதியின் தலைவராக வீற்றிருந்தவர் சர் சி. வி. இராமன். இப்பிள்ளையின் அறிவை அவர் கண்டுகொண்டு, மின்சாரப் பகுதியினின்றும் தம் பகுதிக்கு மாற்றிக்கொண்டார். அம்மாற்றம் நிகழாதிருப்பின் நம் நாடு மற்றுமோர் எஞ்சினீயரைப் பெற்றிருக்கும், அவ்வளவே.

இராமனிடம் பயின்று டாக்டர் பட்டம் பெற்ற பின்னர், 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜ் நகரத்துக் காவெண்டிஷ் ஆராய்ச்சிச் சாலையில் எக்ஸ்ரே கதிர்களைக் கொண்டு படிகங்களை ஆராய்ந்து, அங்கும் ஒரு டாக்டர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிச் சில காலம் பெங்களூரில் ஆசிரியராயிருந்தார். 1952-இல் சென்னைச் சர்வகலாசாலை புதிதாகப் பௌதிகப் பகுதியைத் தொடங்க விரும்பியபோது, அதன் தலைமைப் பதவி முப்பது வயதும் நிரம்பாத இவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அப்பொழுது துணைவேந்தராயிருந்தவர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். வயதை நோக்காது தகுதியை நோக்கிய அச்செயலை நாம் இன்றும் பாராட்டுகின்றோம்.

சென்னைக்கு வந்தவர்க்கு எதை ஆராய்வது என்னும் கேள்வி எழுந்தது. அவ்வமயம் அங்கு வந்திருந்த பெர்னால் என்னும் ஆங்கில விஞ்ஞானியார், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை இதுவரை எவரும் சரிவரக் கூறவில்லை என்று எடுத்துக்காட்டினார். கொலாஜன் யாதெனின், உடம்பைக் கட்டி நிறுத்தும் பொருள். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றிற்கு உறுதி தருவது அதுவே. தை முதல் நாளன்று அவனியாபுரத்தில் காளையின் திமிலைப் பற்றித் தொங்கும் இளைஞனது தோள் பிய்ந்துவிடாமல் காப்பதும் கொலாஜன். அவனை உதறியெறியும் காளையின் கழுத்து வலிமைக்கு ஊன்றுகோலாவதும் கொலாஜன். திண்டுக்கல்லில் தோல் பதனிடுவோர் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்ததும் இதனையே. பெயர்தான் அவர்க்குத் தெரியாது.

தோலுக்கு அடையாற்றில் குறைவில்லை. 1948-இல் அங்கே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டிருந்தது. இராமச்சந்திரன் அந்நிலையத்தை நாடிக் கொலாஜன் மாதிரிகளைப் பெற்றார். அவற்றுள் கங்காருவின் வால் தசைநாணே தெளிவான எக்ஸ்ரே படங்களைத் தந்ததென்பர். கோபிநாத் கர்த்தா என்னும் இளைஞர் உடன் உழைத்தார். மேனாட்டு ஆராய்ச்சிச் சாலைகளின் செல்வமும் கருவிகளும் சென்னையில் இல்லை. இருந்தவை சில எக்ஸ்ரே கருவிகள், கம்பியும் உருண்டையும் கொண்டு செய்த மாதிரிகள், இரு மூளைகள்.

1954-இல் நேச்சர் என்னும் பத்திரிகையில் இருவரும் தம் முடிவை வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் அருகருகே நின்று கொலாஜனை ஆக்குகின்றன என்பது அதன் சாரம். மறு வருஷம், அம்மூன்றும் தனித்தனியே முறுக்கேறியிருப்பதோடு, ஒன்றையொன்று சுற்றியும் முறுக்கிக்கொள்கின்றன என்று திருத்தி எழுதினர். சந்திரன் பூமியைச் சுற்றிவரும்போது தானும் சுழன்று ஒரே முகத்தை நமக்குக் காட்டுவதை நினைத்தபோது இவ்வெண்ணம் பிறந்ததென்று சொல்லப்படுகிறது. சித்திரைத் தேரின் வடத்தை அருகில் நின்று பார்த்திருக்கும் நம் மதுரையார்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. புரியைத் தனியே முறுக்கிப் பின் புரிகளைச் சேர்த்து எதிர்ப்புறம் முறுக்கினால்தான் கயிறு பிரியாது நிற்கும். கயிறு திரிப்போன் கையறிந்த அச்சூத்திரத்தை இயற்கை நம் உடம்பினுள் அணுவளவில் நடத்தி வருகின்றது.

நிற்க. இம்முப்புரியில் ஒரு விசேஷம் உண்டு. புரதம் எதுவாயினும் அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலையே. மணிகள் இருபது வகைப்படும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிறிதாகவோ பெரிதாகவோ ஒரு கிளை நீண்டிருக்கும். கிளைசின் என்னும் மணிக்கு மட்டும் கிளையாக நிற்பது ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாம் மணியும் கிளைசின். மூன்று புரிகளும் நெருங்கும் நடு அச்சில் இடம் மிகக் குறுகலாதலால், அங்கே வந்து விழும் மூன்றாம் மணி மிகச் சிறியதாயிருத்தல் வேண்டும். ஆயிரம் மணிகளுக்கு மேற்பட்ட நீண்ட மாலையில் இவ்வொழுங்கு தவறாமல் வருவதன் காரணம், இராமச்சந்திரன் முப்புரியை வரைந்து காட்டிய பின்னரே விளங்கிற்று.

அவ்வொழுங்கு ஓரிடத்தில் தவறினால் யாதாகும்? இதற்கு விடை 1980-களில் வைத்திய நிபுணர்களால் கிடைத்தது. சிறு வீழ்ச்சியிலும், சில வேளைகளில் தாயின் கருவிலேயும், எலும்பு முறியும் குழந்தைகள் உளர். சிலர்க்குக் கண்ணின் வெண்மை நீலம் பாய்ந்திருக்கும். அவர்களது மரபணுவை ஆராய்ந்தபோது, கிளைசின் நிற்கவேண்டிய ஓரிடத்தில் சிஸ்டைன், செரின் போன்ற வேறொரு மணி புகுந்திருக்கக் கண்டனர். மரபணு என்னும் நீண்ட ஏட்டில் ஓர் எழுத்து மாறியதன் விளைவு அது. முப்புரி ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு முறுக்கேறி வருங்கால், பெரிய மணி வந்தவிடத்தில் முறுக்கு தடைப்பட்டுவிடுகின்றது.

இங்கே நுட்பமான கணக்கொன்று இருக்கிறது. எலும்பின் கொலாஜனில் மூன்று புரிகளுள் இரண்டு ஒரே மரபணுவினால் ஆனவை. அம்மரபணு தாயிடமிருந்து ஒரு பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியுமாக நமக்கு வாய்த்துள்ளது. அவற்றுள் ஒன்று அடியோடு வேலை செய்யாதொழிந்தால், கயிறு பாதியளவே உற்பத்தியாகும், ஆயினும் உற்பத்தியானது நல்ல கயிறு, நோயும் இலேசானது. மாறாக, பிழையுள்ள புரியை அப்பிரதி ஆக்கிக்கொண்டேயிருந்தால், நல்லதும் கெட்டதும் கலந்து, நான்கில் மூன்று பங்கு கயிறுகளில் ஏதேனும் ஒரு கெட்ட புரி சேர்ந்துவிடும், நோயும் கடுமையாகும். வேலைக்கு வாராதவனைவிட, வந்து கெடுப்பவனால் நட்டம் மிகுதி என்பதை நெசவுச் சாலை நடத்துவோர் அறிவர்.

இந்நோயுடைய குழந்தைகள் பலருக்குப் பெற்றோர் இருவரிடமும் அப்பிழை இராது. கருவுண்டாகுங்கால் புதிதாக நேர்ந்ததாயிருக்கும். பெற்றவளின் உணவையோ நடத்தையையோ பழிப்பதும், முன்வினை என்று கைவிடுவதும் முறையல்ல. எலும்பு வைத்தியரிடமும் குழந்தை வைத்தியரிடமும் காட்டினால் செய்யக்கூடிய உதவிகள் பல உள.

மற்றொரு வகை நோய்களில் கதை வேறு. இரு பிரதிகளும் பிழைபட்டாலன்றி அவை வெளிப்படா. இராமச்சந்திரன் சென்னைக்கு வந்த அதே 1952-இல், நீலகிரியின் மலைவாழ் மக்களிடம் அரிவாள் வடிவ இரத்த அணுக்கள் இருப்பதை லேமன், கட்புஷ் என்னும் இருவர் வெளியிட்டனர். சில ஆண்டுகளில் இங்கிராம் என்பார், இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு சங்கிலியின் ஆறாம் மணி மட்டுமே மாறியிருப்பதைக் காட்டினார். அம்மாற்றத்தால் பிராணவாயு குறைந்தவிடத்துப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாராகி, இரத்த அணுவை அரிவாள்போல் வளைத்துவிடுகின்றன. ஒரு பிரதி மட்டும் உடையவர் நலமாகவே வாழ்கின்றனர். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கிலொரு பங்கு நோய் வரும் வாய்ப்புண்டு.

தென்னாட்டு வைசிய சமூகத்தாரிடம் இவ்வாறே வேறொரு பிழை காணப்பட்டுள்ளது. இரத்தத்தில் ஒரு புரதத்தின் 307-ஆம் மணி லூசினாக இருக்கவேண்டியது புரோலினாக மாறியிருக்கின்றது. அன்றாட வாழ்வில் அதனால் இடரில்லை. சத்திர சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒருவகை மருந்து மட்டும் விரைவில் நீங்காது, மூச்சு நெடுநேரம் நின்றுவிடும். முன்னரே அறிந்த வைத்தியர் வேறு மருந்தைக் கொடுப்பர். இதனால் அச்சமூகத்தார்க்கு இழிவு ஒன்றுமில்லை. தமக்குள்ளேயே பல தலைமுறை மணந்துவந்த எக்குலத்திலும் இத்தகைய பிழைகள் ஒன்றோ பலவோ இருக்கக்கூடும். நம் குலம் விலக்காகும் என்று எண்ணுதற்கு ஆதாரமில்லை.

மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணத்தல் நம் பக்கத்து வழக்கம். அதனைப் பழிப்பது நம் கருத்தன்று; அவ்வாறு மணந்தோரின் பிள்ளைகளுள் பெரும்பாலோர் நலமாகவே உள்ளனர். ஆயினும் ஒரே மூதாதையின் பிழை இரு வழியாலும் வந்து சேரும் வாய்ப்பு அங்கே அதிகம். பிறவிக் குறைகள் பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு நேர்வதாயின், நெருங்கிய உறவில் மணந்தோரிடம் ஏறத்தாழ இருமடங்கு என்று கணக்கிட்டுள்ளனர். குடும்பத்தில் ஒரு பிள்ளை குறையோடு பிறந்திருக்க, அதனை மறைத்து அதே வழியில் மீண்டும் சம்பந்தம் பேசுவதை மட்டும் நாம் ஒப்பமாட்டோம். மரபியல் அறிந்த வைத்தியரைக் கண்டபின் நாள் குறித்தல் தகும். ஜாதகம் பார்க்கச் செலவிடும் பொழுதில் சிறுபங்கே இதற்குப் போதும்.

சரிதத்திற்குத் திரும்புவோம். சென்னையின் முப்புரியைக் கேம்பிரிட்ஜில் ரிச், கிரிக் என்னும் இருவர் குறை கூறினர். மூன்று புரிகள் ஒன்றையொன்று சுற்றுவதை அவர்கள் மறுக்கவில்லை. சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்றும், புரிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் கட்டு மூன்று மணிகளுக்கு இரண்டல்ல, ஒன்றே என்றும் வாதித்தனர். கட்டின் எண்ணிக்கையில் பிற்காலத்து ஆராய்ச்சி அவர்கள் பக்கமே சாய்ந்தது. அதனை மறைப்பதில் பயனில்லை. ஆயின் அக்குறையைக் கேட்ட இராமச்சந்திரன் செய்தது யாது? அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதைத்தான் எவரேனும் வரையறுத்தனரா என்று தேடினார். இல்லையென்று கண்டு, அதுவரை வெளிவந்த படிக அளவுகளையெல்லாம் திரட்டித் தாமே வரம்பு வகுத்தார்.

அதிலிருந்து பிறந்ததே அவர் புகழுக்குத் தலையாய காரணமான படம். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்னும் இருவருடன் 1963-இல் அதனை வெளியிட்டார். புரதச் சங்கிலி தட்டையான பலகைகளைக் கீல் வைத்து இணைத்தாற் போன்றது. ஒவ்வொரு மணியிலும் இரண்டு கீல்கள். ஒவ்வொரு கீலும் 360 பாகை சுழலலாம். எனினும் சுழலும் எல்லா நிலையிலும் அணுக்கள் முட்டாமலிரா. ஒரு கீலின் கோணத்தைக் கிடையிலும் மற்றதன் கோணத்தை நெடுக்கிலும் குறித்து, முட்டாத இடங்களை மட்டும் வரைந்தபோது, படத்தின் பெரும்பகுதி ஆகாத நிலமாகவும் சில தீவுகளே ஆகும் நிலமாகவும் தோன்றின. கிளைசினுக்கு நிலம் அகலம். புரோலினுக்கு மிகக் குறுகல். ஒரு மணி போய் மற்றொன்று வந்தால் சில புரதங்கள் உருக்கெடுவதற்கும் வேறு சில பொறுத்துக்கொள்வதற்கும் ஒரு காரணத்தை இப்படமே காட்டுகின்றது. மின்னணுக் கணிப்பொறியின் துணை அரிதாயிருந்த அந்நாளில், மேசைக் கணக்கு இயந்திரத்தைக் கொண்டு கோணம் கோணமாக இதனைக் கணித்தனர் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நலம்.

1970-க்குப் பின் அவர் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்று, விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பகுதியை நிறுவினார். 1971-இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ்ரே நிழல்களைக் கொண்டு உடலின் உட்புறத்தை மீட்டு வரையும் கணித முறையொன்றைத் தந்தார். இன்று ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் சி.டி. படங்களுக்கு அத்தகைய கணிதமே அடிப்படை. 1977-இல் இலண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். நோபெல் பரிசு அவரை நாடவில்லை. அதைப் பற்றிப் பலர் நெடிது புலம்புவர், நாம் புலம்பவில்லை. 1999-இல் படிகவியலாரின் சர்வதேசச் சங்கம் எவால்டு பரிசை அளித்தது.

கர்நாடக சங்கீதத்திலும் தத்துவத்திலும் அவர்க்குப் பற்று மிகுதி. 1945-இல் மணந்த மனைவியார் இராஜலட்சுமி அம்மையார் 1998-இல் காலமானார். முன்னரே நடுக்கு நோயுற்றிருந்த கணவர் அதன்பின் மிகவும் தளர்ந்து, 2001 ஏப்ரல் 7-ஆம் தேதி சென்னையில் இவ்வுலக வாழ்வை நீத்தார். புதிதாக எந்தப் புரதத்தின் அமைப்பை எவர் வெளியிட்டாலும், அது அவரது 1963-ஆம் வருஷத்துப் படத்தின் ஆகும் நிலங்களில் அமைகின்றதா என்று சோதித்த பின்னரே ஏற்கப்படுகின்றது. அவர் மாதிரிகள் பெற்ற அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மண்டபம் உண்டு. முப்புரிச் சுருள் என்று பொருள்படும் டிரிபிள் ஹீலிக்ஸ் என்பதே அதற்கு இட்ட பெயர்.