தெளிந்த நீரிலும் விஷம் உண்டு! மண்ணில் அதன் மாற்றைக் கண்ட வினோகிராட்ஸ்கி

புதிதாகக் கண்ணாடித் தொட்டி வாங்கி, நல்ல தண்ணீர் நிரப்பி, வண்ண மீன்களை விடுகிறார்கள். தண்ணீர் பளிங்கு போல் இருக்கிறது. ஆனால் சில நாட்களில் மீன்கள் மேலே வந்து மூச்சுத் திணறுகின்றன. பிறகு ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கின்றன.

பல மாதங்களாக இருக்கும் பழைய தொட்டியிலோ மீன்கள் சுகமாக நீந்துகின்றன. இது என்ன விந்தை?

இந்தக் கேள்விக்கு விடை தரும் கண்டுபிடிப்பைச் செய்தவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி. அவர் ஆராய்ந்தது மீனை அல்ல, மண்ணை! ஆனால் மண்ணில் அவர் கண்ட உயிர்களின் இனத்தவைதான் மீன் தொட்டியையும் காக்கின்றன.

பியானோ வாசித்த மாணவர்

வினோகிராட்ஸ்கி 1856-ம் ஆண்டு கீவ் நகரில் பிறந்தார். அன்று அது ரஷியப் பேரரசைச் சேர்ந்தது. இன்று உக்ரைன் நாட்டின் தலைநகர்.

செல்வக் குடும்பம். எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர் மனம் எதிலும் நிலைக்கவில்லை. முதலில் சட்டம் படித்தார். பிடிக்கவில்லை. விஞ்ஞானப் படிப்புக்கு மாறினார். அதையும் விட்டுவிட்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் இசைக் கல்லூரியில் சேர்ந்து பியானோ கற்றார்.

இசையும் அவரைக் கட்டிப்போடவில்லை. 1877-ல் மறுபடியும் விஞ்ஞானத்துக்கே திரும்பினார். இந்த முறை அதை விடவே இல்லை.

1885-ல் ஸ்டிராஸ்பர்க் நகருக்குச் சென்றார். கந்தக ஊற்றுகளில் வாழும் ஒரு வகைப் பாக்டீரியாவை அங்கே ஆராய்ந்தார். பாக்டீரியா என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமி. அழுகிய முட்டை போல் நாற்றம் வீசும் வாயுவிலிருந்தே அது உயிர் வாழச் சக்தி பெறுகிறது என்று 1887-ல் அறிவித்தார். அதுவரை யாரும் எண்ணிப் பாராத செய்தி அது.

அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தில் உள்ள சூரிச் நகருக்குப் போனார். அங்கே ஒரு பெரிய மர்மம் அவருக்காகக் காத்திருந்தது.

இருபது நாள் மர்மம்

பாரிஸ் நகரில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1877-ல் ஒரு சோதனை செய்திருந்தார்கள். நீண்ட குழாயில் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரைச் சிறிது சிறிதாக விட்டார்கள்.

இருபது நாட்கள் வரை ஒன்றும் நடக்கவில்லை. சாக்கடை நீரில் இருந்த அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன் பிறகு அம்மோனியா மறையத் தொடங்கியது. அதற்குப் பதிலாக நைட்ரேட் என்ற உப்பு வந்தது. பயிருக்கு உரமாகும் உப்பு அது.

பிறகு மயக்க மருந்தான குளோரோபாரத்தின் ஆவியை உள்ளே செலுத்தினார்கள். மாற்றம் நின்று போயிற்று! உயிருள்ள ஏதோ ஒன்றுதான் இந்த வேலையைச் செய்கிறது என்பது தெளிவாயிற்று. ஆனால் அது எது?

தந்தையும் மகனும்

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், தங்க மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வளர்த்து, 1850-ல் அதைப் பற்றி எழுதினார். இன்றைய வீட்டு மீன் தொட்டிக்கு வழி காட்டியவர்களில் அவர் ஒருவர்.

அவருடைய மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். மகன் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் மண்ணை ஆராய்ந்தார். அம்மோனியா ஒரே தாவலில் நைட்ரேட் ஆகிவிடுவதில்லை. நடுவில் நைட்ரைட் என்ற பொருளாக மாறுகிறது என்று கண்டார். பல ஆண்டுகள் பாடுபட்டும், அந்த வேலையைச் செய்யும் கிருமியைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை.

விருந்து வேண்டாம், விரதம் போதும்!

கிருமிகளை வளர்ப்பதற்கு அக்காலத்து விஞ்ஞானிகள் மாமிசச் சாறு போன்ற சத்துள்ள உணவுகளைக் கொடுத்தார்கள். அந்த விருந்தில் வேறு கிருமிகள்தான் பெருகின. தேடிய கிருமி தலை காட்டவே இல்லை.

வினோகிராட்ஸ்கி நேர்மாறாகச் சிந்தித்தார். சூரிச் ஏரித் தண்ணீரில் அம்மோனியா உப்பையும் வேறு சில தாது உப்புகளையும் மட்டும் சேர்த்தார். மற்ற உணவு எதையும் கொடுக்கவில்லை. விருந்துக்குப் பழகிய கிருமிகளால் அங்கே பெருக முடியவில்லை. அம்மோனியாவால் சக்தி பெறும் கிருமி மெதுவாகப் பெருகியது!

1890-ல் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் கிருமியை அறிவித்தார். அடுத்த ஆண்டு நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் வேறொரு கிருமியையும் கண்டார். வெயிலும் வேண்டாமல், வேறு உயிரையும் உண்ணாமல், வெறும் உப்பிலும் காற்றிலும் வாழும் உயிர்கள் அவை.

தொட்டியில் நடப்பது என்ன?

மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது கொடிய விஷம். நைட்ரைட்டும் விஷமே. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி அது செய்துவிடும். கடைசியில் வரும் நைட்ரேட் அவ்வளவு கொடியது அல்ல.

பழைய தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் இந்தக் கிருமிகள் குடியேறி விஷத்தை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை போதிய அளவு இல்லை. மெதுவாகப் பெருகுவதால், அவை நிலைபெறப் பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

அந்த நாட்களில் மீன் எதுவும் விடாமல், சிறிது அம்மோனியா சேர்த்துத் தொட்டியைத் தயார் செய்வது மேல். மீன் விட்டே தீரவேண்டும் என்றால் ஒன்றிரண்டு போதும். தீனியைக் குறைக்க வேண்டும். தண்ணீரை அடிக்கடி சோதிக்க வேண்டும். விஷம் ஏறினால் கால் பங்கு அல்லது அதற்கு மேலும் தண்ணீரை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீராக இருந்தால் முதலில் குளோரினை நீக்க வேண்டும். அது கிருமியையும் கொல்லும், மீனையும் கொல்லும்.

வடிகட்டியைக் குழாயடியில் தேய்த்துக் கழுவுவது தவறு. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இலேசாக அலசினால் போதும். நோயில்லாத பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால், தயிருக்கு உறை ஊற்றுவது போல் அது உதவும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து இல்லாமற் போன பிறகே மற்ற மீன்களைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

அறுபத்தாறு வயதில் மறுபடியும்

வினோகிராட்ஸ்கி ரஷியா திரும்பி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தார். பிறகு ஓய்வு பெற்றுத் தம் பண்ணையில் தங்கினார். விஞ்ஞானத்தோடு தொடர்பே அற்றுப்போயிற்று.

1917-ல் ரஷியப் புரட்சி வெடித்தது. உள்நாட்டுப் போர் மூண்டது. செல்வத்தில் பிறந்தவர் சொத்தை இழந்து, நாட்டையும் விட்டு வெளியேறினார். பெல்கிரேடு நகரில் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார்.

1922-ல் பாரிஸ் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையம் அவரை அழைத்தது. அப்போது அவருக்கு வயது 66! மற்றவர்கள் ஓய்வு தேடும் வயதில், பாரிசை அடுத்த ஒரு சிற்றூரில் ஆராய்ச்சிக் கூடம் அமைத்து, மறுபடியும் மண்ணை ஆராய உட்கார்ந்தார். தம் மகள் ஹெலனோடு சேர்ந்து, இளமையில் கண்ட அதே கிருமிகளை மீண்டும் ஆராய்ந்தார். வாழ்நாள் உழைப்பையெல்லாம் திரட்டி 1949-ல் பெரிய நூலாக வெளியிட்டார். 1953-ல், 96-வது வயதில் காலமானார்.

அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் இரண்டு வேலையையும் தானே செய்யும் ஒரு கிருமி உண்டு என்று 2015-ல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் அறிவித்தன. அவற்றில் ஒரு குழு அதைக் கண்டது எங்கே தெரியுமா? மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த ஒரு வடிகட்டியில்!

பணத்தால் கண்ணாடித் தொட்டியை ஒரே நாளில் வாங்கிவிடலாம். அதைக் காக்கும் உயிர்களோ தமக்கு உரிய நாளில்தான் வளரும். அதுவரை பொறுத்திருப்பவர் வீட்டில் மீன்கள் பிழைக்கும்.