விண்மீனுக்கு வரம்பு கண்ட சந்திரசேகர்

வானநூல் வல்லார் நாவில் இன்றும் வழங்கும் தமிழர் பெயர் ஒன்றுண்டெனின் அது சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பதாம். அன்னார் 1910ஆம் ஆண்டு ஒற்றோபர் 19ஆந் திகதி இலாகூரிற் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் ஆங்குப் புகையிரதக் கணக்குப் பகுதியில் உயர் அலுவலர். தாயார் சீதாலட்சுமி அம்மையார் நோர்வே நாட்டு இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கியவர். தமிழாசிரியனாகிய எனக்கு மைந்தரின் கணிதத்தினும் முதற்கண் இனித்தது இச்செய்தியே.

சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்றுத் தேறிய சந்திரசேகர், 1930இற் புலமைப் பரிசில் பெற்றுப் பம்பாயிற் கப்பலேறினார். அகவை 19. அன்னையார் கடும்பிணியுற்றிருந்தார். பிரிய மனமின்றித் தயங்கிய மகனைப் போய்வரப் பணித்தவர் அவரே. மறு ஆண்டு மே மாதத்தில் அவர் மறைந்தார். மகனார் கேம்பிரிட்சில் இருந்தார்.

அக்கடற் பயணத்திலேதான் அவர்தம் பெருங்கணிதம் தொடங்கிற்று. எம்முடன் கற்பிக்கும் விஞ்ஞான ஆசிரியர் விளக்கியவாறு அதனைச் சுருங்கக் கூறுவேன். தை மாதத்து இரவில் இறுப்பிட்டிக் கரையில் நிற்பார்க்கு மிக ஒளிர்ந்து தோன்றும் விண்மீன் சீரியசு. கண்ணுக்குப் புலப்படாத துணைமீன் ஒன்று அதற்குண்டு. பருமனிற் பூமியை ஒப்பது, திணிவிற் சூரியனை ஒப்பது. எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய இத்தகைய மீனை வெண்குறுமீன் என்பர். நெருக்குண்ட இலத்திரன்களின் அழுத்தமே அது மேலும் நொறுங்காது தாங்குகின்றது. திணிவு கூடக்கூட இலத்திரன்கள் ஒளியின் வேகத்தை அணுகும். அப்போது அவ்வழுத்தம் ஈர்ப்புக்கு ஈடுகொடாது. சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கே அதன் எல்லை என்பது அவர் கண்ட முடிபு.

1935 சனவரி 11ஆந் திகதி இலண்டன் வானநூற் கழகத்தில் இதனை எடுத்துரைத்தார். அடுத்தெழுந்த எடிங்டன், அக்காலத்து வானநூலாரின் தலைவர் எனத்தக்கவர், அவையோர் நகைக்கும்படி அம்முடிபை எள்ளினார். அதற்குமுன் அவ்விளைஞரோடு அளவளாவி அவர்தம் ஆய்வினை அவ்வப்போது கேட்டறிந்து வந்தவரும் அவரே! கணிதம் சரியெனத் தனிமையில் ஒப்பிய பௌதிக அறிஞர் சிலர் அவையில் வாய் திறந்திலர். எள்ளியவரினும் இவர்களை மன்னித்தலே எனக்கு அரிதாயிருக்கின்றது.

சந்திரசேகர் பூசலிட்டாரல்லர். 1939இல் தம் முடிபினை நூலில் அமைத்துவிட்டு வேறு துறைக்குச் சென்றார். 1944இல் எடிங்டன் மறைந்தபோது அவர்தம் பெருமையை நிறைவுறப் போற்றினார்.

1937 முதல் அமெரிக்காவிற் சிக்காகோப் பல்கலைக்கழகமே அவருக்கு உறைவிடமாயிற்று. அங்கு என்றிக்கோ பேர்மி என்னும் பேரறிஞரோடு அளவளாவி, 1953இல் விண்மீன்களின் காந்தத்துக்கும் வரம்பு வகுத்தார். மீனைச் சேர்த்துப் பிடிப்பது ஈர்ப்பு. உள்ளிருந்து விரித்துத் தள்ளுவது காந்தப்புலம். காந்தச் சத்தி ஈர்ப்புச் சத்தியை மிஞ்சின் மீன் நிலைபெறாது சிதறும். பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ அரைக் கௌசு. வெண்குறுமீனினும் அடர்ந்த நியூத்திரன் மீனுக்கோ, இவ்விருவர் காட்டிய நெறியால் எல்லை 1இன்பின் 18 சுழியமிட்ட கௌசு எனக் கணிக்கின்றனர். இவ்வரம்பினை எவரும் நகைத்திலர்.

நியூத்திரன் ஒவ்வொன்றும் குவார்க்கு எனப்படும் துகள்கள் மூன்றால் ஆயது. அத்தகைய மீனின் நடுவில் நியூத்திரன்கள் உடைந்து குவார்க்குகள் கலந்து கிடக்குமோ, கிடப்பின் அப்பொருள் தானே காந்தமாகுமோ என்பது இன்றும் அறிஞர் ஆராயும் பொருள். அவர்கள் எத்துணை வலிய காந்தப்புலத்தை எடுத்துக் கணித்தாலும் 1953ஆம் ஆண்டின் வரம்பினை உடன்வைத்தே கணிக்க வேண்டியிருக்கின்றது.

இளமையில் நகைக்கப்பட்டவருக்கு 1983இல் நொபெல் பரிசு வந்தது. அப்போது அகவை 73. நியூற்றனின் பெருநூலுக்கு அவர் எழுதிய விளக்கம் 1995இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஓகத்து 21ஆந் திகதி சிக்காகோவிற் காலமானார். 1999இல் அமெரிக்கர் விண்ணில் ஏற்றிய ஊடுகதிர்த் தொலைநோக்கி ‘சந்திரா’ என அவர் பெயரையே தாங்கிற்று. ஒடுங்கிய மீன்களை நோக்குதலும் அதன் பணிகளுள் ஒன்று.