முக்தி தேடிய பண்டிதை

தாதரில் ரயிலேறிச் சென்னைக்குப் பயணம் செய்யும் மும்பைத் தமிழர்களில் பலர் கேட்காவ் என்ற நிலையத்தின் பெயரைக் கவனித்திருக்க மாட்டார்கள். புணேயைக் கடந்து தவுண்ட் சந்திப்பை நெருங்கும் வழியில் உள்ள சிற்றூர் அது. அங்கே நூறாண்டுகளுக்கும் மேலாக ‘முக்தி’ என்ற பெயரில் ஆதரவற்ற பெண்களுக்கான இல்லம் ஒன்று இயங்கி வருகிறது. அதனை நிறுவியவர் பண்டித ரமாபாய் சரஸ்வதி. கிறிஸ்தவர் ஒருவர் நிறுவிய இல்லத்திற்கு நம் வேதாந்த நூல்களில் பழகிய சொல் பெயராக அமைந்ததை எண்ணிப் பார்த்தால், அதன் பின்னே அந்த அம்மையாரின் நெடுங்காலத் தேடல் தெரியவரும்.

ரமாபாய் 1858 ஏப்ரல் 23 அன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் கங்காமூலா என்னுமிடத்தில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே வடமொழியில் பேரறிஞர். பெண்களுக்கு அம்மொழியைக் கற்பிக்கலாகாது என்றிருந்த காலத்தில் தம் மனைவி லட்சுமிபாய்க்கு அதனைக் கற்பித்தார். அதற்காகப் பண்டிதர்கள் முன்னிலையில் விளக்கமளிக்கவும் நேர்ந்தது. ரமாபாய்க்கு ஆசிரியையாக வாய்த்தவர் அந்தத் தாயே. வீட்டு வேலைகள் தொடங்குமுன், விடியற்காலையில் மகளை எழுப்பி அமர்த்திப் பாடம் சொல்லிக்கொடுப்பார். பாகவதத்தின் 18,000 சுலோகங்களையும் பதின்வயதிலேயே மனப்பாடம் செய்திருந்தாள் அந்தப் பெண்.

குடும்பம் க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகச் சென்று, புராணம் வாசித்துக் கிடைத்த காணிக்கையால் வாழ்ந்தது. சென்னை மாகாணத்தைப் பஞ்சம் பற்றத் தொடங்கிய 1874-ஆம் ஆண்டில் காணிக்கையும் நின்றது. கூலி வேலை செய்து பழக்கமில்லை, யாசிக்க மனமில்லை. இருந்த பொருளையெல்லாம் விற்று, விரதங்களும் பூஜைகளும் செய்தனர். இலைகளையும் காட்டுப் பழங்களையும் தின்று நாள்களைக் கழித்தனர். முதலில் தந்தை இறந்தார். சில வாரங்களில் தாயும், பின்னர் தமக்கையும் மறைந்தனர். தாயின் உடலைச் சுமக்கப் போதிய ஆட்கள் வரவில்லை. குள்ளமான உருவம் கொண்ட ரமாபாய், தோளுக்குப் பதிலாகத் தலையில் பாடையின் ஒரு முனையைத் தாங்கிச் சென்றார். எஞ்சியவர் அண்ணன் ஸ்ரீநிவாசர் ஒருவரே.

வழிபாடுகளில் அவருக்கிருந்த நம்பிக்கை குலைந்தது அப்போதுதான். அண்ணனும் தங்கையுமாக நாடெங்கும் கால்நடையாக அலைந்து 1878-இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்குள்ள பண்டிதர்கள் அவரது புலமையைச் சோதித்து வியந்து, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டங்கள் அளித்தனர். கேசவ சந்திர சேனர் வேத நூலொன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். புகழ் சேர்ந்தது, மனச்சாந்தி சேரவில்லை. பெண்ணுக்குக் கணவனைத் தொழுவதன்றி முக்திக்கு வேறு வழியில்லை என்ற கருத்தையே தாம் கற்ற தர்ம சாஸ்திரங்களில் அவர் கண்டார். உபநிடதங்களில் கார்க்கியும் மைத்ரேயியும் பேசுகிறார்களே என்று நாம் கேட்கலாம். ஆனால் அவரைச் சூழ்ந்திருந்த சமுதாயம் அந்தக் கதவை அவருக்குத் திறந்து காட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1880-இல் அண்ணனும் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் வேறு சாதியைச் சேர்ந்த வங்காள வழக்கறிஞர் விபின் பிஹாரி தாஸை மணந்தார். சில்சரில் கணவரின் புத்தகங்களுக்கிடையே வங்க மொழியில் லூக்கா சுவிசேஷம் ஒன்றைக் கண்டெடுத்துப் படித்தார். மகள் மனோரமா பிறந்து ஓராண்டு நிறைவதற்குள், 1882 பிப்ரவரியில் காலரா நோய் கணவரைக் கொண்டுபோயிற்று. வயது 23, கையில் குழந்தை, உற்றார் என்று சொல்ல ஒருவருமில்லை.

மறு ஆண்டு இங்கிலாந்து சென்று வான்டேஜில் கன்னியர் இல்லத்தில் தங்கினார். லண்டனில் அக்கன்னியர் நடத்திய மற்றோர் இல்லத்தில், சமூகம் இழிந்தவர் என்று ஒதுக்கிய பெண்கள் கனிவோடு பேணப்படுவதைக் கண்டார். அந்தக் கருணைக்கு ஊற்று எது என்று விசாரித்தபோது, கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசுநாதர் உரையாடிய வரலாற்றை அவர்கள் சொன்னார்கள். அது அவர் உள்ளத்தில் தைத்தது. இதற்கிடையே உடன் வந்திருந்த தோழி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்தத் துயரத்தின் நடுவில், 1883 செப்டம்பர் 29 அன்று மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

ஆயினும் போராட்டம் ஓயவில்லை. திரித்துவம் முதலிய கோட்பாடுகளைத் தம் அறிவு ஏற்காதவரை ஏற்க மறுத்தார். தமக்கு வழிகாட்டிய கன்னியரோடும் குருமாரோடும் கடிதங்களில் வாதிட்டார். ஒரு தளையை அறுத்தது இன்னொரு தளையைப் பூட்டிக்கொள்வதற்காக அன்று என்பதில் அவர் உறுதியாயிருந்தார்.

பின்னர் அமெரிக்கா சென்று, உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையைப் பற்றி 1887-இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். அங்குள்ளோர் சங்கம் அமைத்துப் பொருளுதவி செய்தனர். 1889 மார்ச் 11 அன்று பம்பாயில், சௌபாத்திக் கடற்கரையை அடுத்து, இளம் விதவைகளுக்காகச் ‘சாரதா சதனம்’ தொடங்கப்பட்டது. முதலில் வந்த விதவையான கோதுபாய் பின்னாளில் தோண்டோ கேசவ கார்வேயை மணந்தார். 1916-இல் பெண்களுக்கெனப் பல்கலைக்கழகம் நிறுவிய கார்வேதான் அவர். மாதுங்காவில் அப்பல்கலைக்கழகத்தோடு இணைந்து வளர்ந்த மகளிர் கல்லூரியை அறிந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தொடர்பு புதிதாக இருக்கலாம். 1890-இல் சதனம் புணேக்கு மாறியது.

ரமாபாயின் அகவாழ்வில் பெருந்திருப்பம் நேர்ந்தது அதற்கடுத்த ஆண்டில். ஹஸ்லம் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் தம் வாழ்வைக் குறித்து எழுதிய நூல் அவர் கைக்கு வந்தது. நெடுங்காலம் குருவாகப் பணியாற்றியும் உண்மை அனுபவம் பெறாதிருந்ததை உணர்ந்து மாற்றம் கண்டவர் ஹஸ்லம். படிக்கப் படிக்க ரமாபாய்க்குத் தம் நிலை புரிந்தது. மதத்தை ஏற்றுக்கொண்டோம், அந்த மதத்தின் நாயகரை ஏற்றுக்கொள்ளவில்லை என்று தெளிந்தார். கொள்கைகளை ஆராய்ந்து ஒப்புக்கொள்வது வேறு, இறைவனிடம் தன்னை ஒப்படைப்பது வேறு என்பது புலப்பட்டது. தம் தகுதியைக் கொண்டு எதையும் ஈட்டத் தேவையில்லை என்ற எண்ணம், சிறுவயது முதல் விரதங்களாலும் யாத்திரைகளாலும் புண்ணியம் சேர்க்க முயன்று களைத்த மனத்திற்கு ஆறுதலாயிற்று. எட்டாண்டுகளுக்கு முன் பெற்ற ஞானஸ்நானம் அன்றுதான் அவருக்குள் உயிர்பெற்றது எனலாம். கேள்வியறிவுக்கும் அனுபூதிக்கும் உள்ள இந்த இடைவெளியை எந்த மரபைச் சேர்ந்த சாதகரும் அறிவார்.

இந்த அமைதிக்கு அவர் விலை கொடுக்க நேர்ந்தது. சதனத்து மாணவியர் அவரது பிரார்த்தனையில் கலந்துகொள்வதாகச் சர்ச்சை எழுந்து, 1893-இல் ஆலோசகர்களாயிருந்த இந்துப் பெரியோர் விலகினர். பல பெற்றோர் தம் பெண்களை அழைத்துச் சென்றனர். பிரார்த்தனைக்குத் தாம் எவரையும் வற்புறுத்தவில்லை என்பது அவர் நிலை. நம்பிக்கை மோசடி என்பது எதிர்த்தவர் எண்ணம். இரு தரப்பிலும் நேர்மையானவர்கள் இருந்தனர். 1895-இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் ரமாபாய் பெயரால் இயங்கிய சங்கத்தினர் சுவாமி விவேகானந்தரைக் கடுமையாக எதிர்த்ததும் நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சச்சரவைக் கொண்டு ரமாபாயின் பக்தியை அளப்பது முறையன்று.

1896–97-இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் பரவியது. பசியில் நடந்த பழைய நாள்கள் நினைவில் எழ, அவரே அங்கு சென்று அநாதைப் பெண்களையும் சிறுமிகளையும் திரட்டி அழைத்துவந்தார். கேட்காவில் முன்பே வாங்கியிருந்த தோட்ட நிலம் அவர்களுக்குப் புகலிடமாயிற்று. அதுவே முக்தி இல்லம். 1900-இல் குஜராத்தில் பஞ்சம் வந்தபின் அங்கிருந்தோர் தொகை ஏறத்தாழ 2,000. நெசவு, விவசாயம், அச்சுக்கோத்தல் எனப் பல தொழில்களைப் பயின்றனர். பார்வையற்றோர்க்குப் பிரெயில் முறையில் கல்வி தரப்பட்டது. வழிதவறியவர் எனப்பட்ட பெண்களுக்குக் ‘கிருபா சதனம்’ என்று தனியே ஓர் இல்லம் எழுந்தது. லண்டனில் கண்ட காட்சியை அவர் மறக்கவில்லை.

செவித்திறன் பெரிதும் குன்றிய நிலையில், கடைசி ஆண்டுகளை எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து பைபிளை எளிய மராத்தியில் பெயர்ப்பதில் செலவிட்டார். கிராமத்துப் பெண்ணும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். தமக்குப்பின் பணியை ஏற்பாள் என்று நம்பியிருந்த மனோரமா 1921 ஜூலையில் காலமானார். பெற்றோர், உடன்பிறந்தார், கணவர் என ஒவ்வொருவரையும் பறிகொடுத்தவருக்கு எஞ்சியிருந்த ஒரே உறவும் போயிற்று. இம்முறை அவர் நம்பிக்கை குலையவில்லை. மீண்டும் அச்சுப்படிகளைத் திருத்த அமர்ந்தார். 1922 ஏப்ரல் 5 அன்று உறக்கத்தில் உயிர் பிரிந்தது. 1924-இல் வெளிவந்த அந்த மராத்தி பைபிள், முக்தி இல்லத்துப் பெண்கள் தம் கையால் அச்சுக்கோத்து உருவாக்கியது.