பாச்சை உருண்டையை ஆராய்ந்த விஞ்ஞானி

மதுரைக்குத் தென்மேற்கே, மலை அடிவாரத்தில் உள்ளது வத்திராயிருப்பு. 1898-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி இங்கே பிறந்தவர்தான் கே.எஸ்.கிருஷ்ணன்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். பிறகு கிறிஸ்தவக் கல்லூரியில் ரசாயனப் பிரிவில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு சந்தேகம் கேட்பார்கள். வேறு கல்லூரிகளில் இருந்துகூட வருவார்கள்!

ராமனுடன்

ஆராய்ச்சி ஆசை அவரைக் கல்கத்தாவுக்கு இழுத்தது. 1923-ல் சி.வி.ராமனிடம் சேர்ந்தார்.

தூசு இல்லாமல் சுத்தம் செய்த திரவங்களில் இருவரும் சூரிய ஒளியைப் பாய்ச்சினார்கள். உள்ளே போனது ஒரு நிறம். சிதறி வந்த ஒளியில் வேறு நிறமும் கலந்திருந்தது. 1928-ல் கண்ட இதுதான் 'ராமன் விளைவு'. உலகுக்கு அறிவித்த முதல் கடிதத்தில் இருவர் பெயரும் இருந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே கிடைத்தது. கிருஷ்ணனுக்கும் பங்கு தந்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால், அவர் தனியாகச் செய்த சாதனை வேறு.

தொங்கிய படிகம்

துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டை எல்லோருக்கும் தெரியும். அது நாப்தலீன். அணுக்கள் சேர்ந்தது மூலக்கூறு. நாப்தலீன் மூலக்கூறு அப்பளம்போல் தட்டையானது. கண்ணுக்குத் தெரியாத இந்த அப்பளங்கள், படிகத்துக்குள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன?

கிருஷ்ணன் ஒரு சிறு படிகத்தை மெல்லிய இழையில் கட்டி, காந்தத்துக்கு நடுவே தொங்கவிட்டார். தட்டை மூலக்கூறு, காந்தத்தை எல்லாத் திசையிலும் ஒரே அளவில் எதிர்ப்பதில்லை. அதனால் படிகம் திரும்பியது. இழை முறுக்கேறியது. அந்த முறுக்கை அளந்தே, மூலக்கூறுகளின் சாய்வைக் கணக்கிட்டார்! டாக்காவிலும், 1933 முதல் கல்கத்தாவிலும் இந்த வேலை நடந்தது.

1946-ல் 'சர்' பட்டம் பெற்றார். 1947-ல் டெல்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டர் ஆனார். காய்ச்சிய உலோகத்தில் இருந்து எலெக்ட்ரான்கள் கிளம்புவதை அங்கே ஆராய்ந்தார். 1961 ஜூன் மாதம் காலமானார்.

லேசர் ஒளி பிறந்தது 1960-ல்தான். அவர் காந்தத்தைக் கொண்டு கேட்ட கேள்வியை, இன்று விஞ்ஞானிகள் லேசரைக் கொண்டு கேட்கிறார்கள். வாயுவில் தாறுமாறாகச் சுழலும் மூலக்கூறுகளை லேசர் ஒரே திசையில் திருப்பி நிறுத்துகிறது. மூலக்கூறு ஒளிக்கும் எல்லாத் திசையிலும் ஒரேபோல் இணங்குவதில்லை என்பதே காரணம். உடனே இன்னொரு ஒளி பாய்ந்து, எலெக்ட்ரான்களைத் தெறிக்க வைக்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு தெறிக்கிறது என்று பார்த்து, மூலக்கூறின் உருவத்தை அறிகிறார்கள்.