ருடால்ஃப் டீசல்: பிக்கப் வண்டி வைத்திருக்கும் விவசாயி அறிய வேண்டிய வாழ்க்கை

தக்காளியையோ மாம்பழத்தையோ பிக்கப்பில் ஏற்றி, இரவோடு இரவாக வெளியூர் மண்டிக்குக் கிளம்பும் விவசாயி ஒரு மனிதரின் பெயரைத் தினமும் சொல்கிறார். அந்தப் பெயர் டீசல். எண்ணெய்க்கு அப்பெயர் வரக் காரணமான ருடால்ஃப் டீசலின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், வண்டி நடுவழியில் ஏன் நிற்கிறது என்பதும் எளிதில் விளங்கும்.

டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியா பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தை தோல் பொருட்கள் செய்யும் தொழிலாளி. 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டதால் குடும்பம் லண்டனுக்கு இடம்பெயர்ந்தது. சிறுவன் ருடால்ஃப் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார். பிறகு மியூனிக்கில் பொறியியல் பயின்று, பேராசிரியர் லிண்டேயின் குளிர்சாதன நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அக்காலத்து நீராவி இயந்திரம், எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்கியது. இதைக் குறைக்க டீசல் ஒரு வழி கண்டார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடேறும். மிகப் பலமாக அழுத்தினால், அதில் தெளிக்கும் எரிபொருள் தானே தீப்பற்றும். பெட்ரோல் இன்ஜினில் உள்ளதுபோல் ஸ்பார்க் பிளக் தேவையில்லை. இந்த யோசனைக்கு 1892-ல் காப்புரிமை கோரினார்.

ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலையில் 1893 ஆகஸ்டில் நடந்த முதல் சோதனையில் அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் மனம் தளரவில்லை. 1894 பிப்ரவரியில் இன்ஜின் சுமார் ஒரு நிமிடம் தானாக ஓடியது. 1897-ல் சுமார் 20 குதிரைத்திறன் கொண்ட இன்ஜின், எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அன்றைக்கு அது பெரிய சாதனை.

சோதனைச் சாலையில் ஜெயித்த இன்ஜின், வெளியே சென்றதும் அடிக்கடி நின்றது. எரிபொருளைத் தெளிக்கும் பாகம் அடைத்துக்கொண்டது. வாங்கியவர்கள் குறை கூறினர். 1898 இறுதியில் டீசல் உடலும் மனமும் சோர்ந்து சிகிச்சை பெற நேர்ந்தது. ஆக்ஸ்பர்க் பொறியாளர்கள் பழுதுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்த பிறகே இன்ஜின் நிலைபெற்றது.

இன்றைய பிக்கப்பும் பெரும்பாலும் அதே இடங்களில்தான் மக்கர் செய்கிறது. நீண்ட பயணத்துக்கு முன் இவற்றைப் பாருங்கள்:

டீசல்: பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை வடித்துவிடவும். டேங்க்கை முழுதும் காலியாக விடக் கூடாது. காற்று புகுந்து ஏர் லாக் ஆகும். அப்படி நின்றால் டீசலை நிரப்பி, கைப்பம்ப் உள்ள வண்டியில் அதை அழுத்திக் காற்றை வெளியேற்றவும். காமன் ரெயில் இன்ஜினில் இன்ஜெக்டர் குழாய்களைச் சாலையில் கழற்றவே கூடாது. அதிலுள்ள அழுத்தம் தோலைத் துளைத்துவிடும்.

காற்று: ஏற்றத்தில் இழுவை குறைந்து கரும்புகை வந்தால் முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். அளவுக்கு மீறிய லோடும் காரணமாகலாம். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், டீசல் சரியாக எரியவில்லை அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது என்று பொருள்.

சூடு: கூலண்ட் அளவு, பெல்ட், ஹோஸ் மூன்றையும் கிளம்பும் முன்பே பார்க்கவும். வெப்ப முள் ஏறினால் ஓரம் கட்டி, ஆறும் வரை காத்திருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆயில் விளக்கு எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்தவும். மண்டிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என ஓட்டினால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும்.

1900-ல் பாரிஸ் கண்காட்சியில் இவர் பெயரிலான இன்ஜினுக்கு உயர்ந்த விருது கிடைத்தது. அங்கே ஓர் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. விவசாயி தன் நிலத்திலேயே எரிபொருளை விளைவிக்கலாம் என்ற எண்ணம் டீசலுக்கு இருந்தது. இதைப் படித்துவிட்டு, நேரடியாகக் கடலை எண்ணெயை இன்றைய வண்டியில் ஊற்றிவிடாதீர்கள். அந்த எண்ணெய் கெட்டியானது. நுண்ணிய துளையுள்ள இன்ஜெக்டரை அடைத்துவிடும்.

1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து சென்ற கப்பலில் டீசல் காணாமல் போனார். சில நாட்கள் கழித்துக் கடலில் கிடைத்த உடலிலிருந்த பொருட்களை மகன் அடையாளம் காட்டினார். அவர் பெரும் கடனில் இருந்ததும் பின்னர் தெரிந்தது. லாரிகளில் டீசல் இன்ஜின் பரவலாக ஓடுவதை அவர் பார்க்கவில்லை. அது 1920-களில்தான் வந்தது.

அவர் சிந்தித்தது எரிபொருள் வீணாகாமல் இருக்க வேண்டும் என்பதை. விளைந்த சரக்கு வீணாகாமல் சந்தை சேர, கிளம்பும் முன் பத்து நிமிடம் வண்டிக்கு ஒதுக்குங்கள். நடுரோட்டில் வெயிலில் நிற்கும் தக்காளிக்கு மறுநாள் விலை கிடைக்காது.