ரட்ஜ் வண்டியைப் பிரித்துப் போட்ட ஜி.டி.நாயுடு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்க வீட்டில் தறிச் சத்தம்தான். இன்ஜின் பற்றிச் சொல்லித்தர ஆளில்லை. பள்ளியைப் பாதியில் விட்ட ஜி.டி.நாயுடுவுக்கும் ஆளில்லை.

1893-ல் கோவை அருகே கலங்கலில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து, காசு சேர்த்து அந்த ரட்ஜ் வண்டியையே வாங்கினார். ஓட்டியதோடு விட்டாரா? முழுசா கழற்றித் திரும்பப் பூட்டினார்.

பூட்டியதும் ஓடிவிடாது, டைமிங் சரியா இருக்கணும். சிலிண்டரில் நெருப்பு பரவ நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழணும். பிளக் ஓரத்தில் இருந்தால் நெருப்பு மறுகோடிவரை ஓடணும், பொறி இன்னும் முந்தணும். நடுவில் இருந்தால் பாதி தூரம்தான், அவ்வளவு முந்த வேண்டாம். ரொம்ப முந்தினால் இன்ஜின் தட்டும், பிந்தினால் இழுக்காது. அந்தக் காலத்துப் பல வண்டிகளில் ஓட்டுபவரே ஹேண்டில்பார் லீவரால் இதைச் சரிசெய்யணும்.

பாவு விரியுமுன் நாடாவை எறிந்தால் இழை அறுமே, அது மாதிரி என்று அப்பாவிடம் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார். வகுப்பில் எனக்கு இரண்டு வாரம் ஆச்சு!

நாயுடு 1920-ல் பொள்ளாச்சி–பழனி பஸ் விட்டார். 1937-ல் மின்மோட்டார் தயாரிப்பிலும் இறங்கினார். 1945-ல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி முதல்வரானவர், நாலு வருடப் பாடத்துக்கு இரண்டே போதும் என்று வாதாடி, அரசு ஏற்காததால் விலகினார். மூணு வருடமே போதாமல் அரியர் வைத்திருக்கும் நான் இதில் அவர் கட்சியில்லை. 1974-ல் மறைந்தார்.

எங்க வீட்டில் ஒரே மொபெட்; அப்பா சேலை கொண்டுபோவது அதில்தான். ஞாயிறு பிரித்து, திங்கள் காலை ஓட்டித் தருவதாகச் சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறேன்.