சர் சி. வி. இராமன் விட்ட உத்தியோகம்

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் மூன்று நாள் கடல். போர்ட் பிளேரில் இறங்கிப் பேருந்து பிடித்தால் ஒரு மணி நேரத்திற்குள் சிப்பிகாட். 2024ஆம் ஆண்டில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வீட்டில் இன்னும் எவர் வாயிலும் பழைய பெயர்தான் வருகிறது. நான் பையைத் திண்ணையில் வைப்பதற்குள் அப்பா கேட்ட முதற்கேள்வி, பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டாயா என்பதுதான்.

அவர் கேட்டது என் பௌதிகப் பரீட்சையை அன்று. பட்டதாரிகளுக்கு மத்திய அரசு நடத்தும் உத்தியோகத் தேர்வை. அதில் தேறினால் கணக்குத் துறையிலோ தணிக்கைத் துறையிலோ ஒரு நாற்காலி கிடைக்கும். மாதம் பிறந்தால் சம்பளம். அப்பாவுக்கு வேறு எதுவும் வேண்டா.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. தாத்தா இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கூலி வேலைக்குக் கப்பல் ஏறி வந்தவர். அப்பா சிப்பிகாட்டில் நெல்லும் காய்கறியும் பயிரிட்டார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் நிலம் நடுங்கிற்று. பின் கடல் வந்தது. வந்த கடல் திரும்பிப் போயிருந்தால் கவலை இல்லை. அந்த நடுக்கத்தில் தென் அந்தமானின் தரையே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. ஆகவே எங்கள் ஊர் வயல்களில் இன்றைக்கும் ஓதம் ஏறும்போது உப்புநீர் ஏறுகிறது. அங்கே கொக்கும் நாரையும் நிற்கின்றன. நகரத்திலிருந்து காரில் வருகிறவர்கள் சாலையோரம் நிறுத்திப் பறவைகளைப் படம் எடுத்துச் செல்கிறார்கள். அப்பா நகரத்துக் கடை ஒன்றில் சரக்கு இறக்கிக் கணக்கு எழுதுகிறார். அவர் தொழில் மாறியவர்; மாற்றியது அவரன்று, கடல். எனக்கு அப்போது வயது இரண்டு.

இந்த நிலையில் நான் ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கப்பலில் வரும்போது மூன்று நாளும் சர் சி. வி. இராமனுடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்துக்கொண்டு வந்தேன். அவரைப் பற்றி நம் எல்லோருக்கும் தெரியும். 1930இல் நோபெல் பரிசு, பிப்ரவரி 28 விஞ்ஞான நாள், பள்ளியில் பேச்சுப் போட்டி. ஆனால் அவர் பத்தாண்டுக் காலம் கணக்குத் துறை அதிகாரியாக இருந்ததை நாம் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறோம். எனக்கு அந்தப் பத்தாண்டுதான் வேண்டியிருந்தது.

அவர் 1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் ஆசிரியர். விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே பெயர்ந்தது. பையன் பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறினான். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் பி. ஏ.; பௌதிகத்தில் தங்கப் பதக்கம். ஒளி செவ்வகத் துளை வழியே சாய்வாகச் செல்லும்போது தோன்றும் பட்டைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, 1906 நவம்பரில் இலண்டனிலிருந்து வரும் ஃபிலசாஃபிகல் மேகஸின் என்னும் இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. நம்மில் பலர் அந்த வயதில் விடுதி உணவைப் பற்றித்தான் கட்டுரை எழுதியிருக்கிறோம்.

சரி, இவ்வளவு கெட்டிக்காரருக்கு விஞ்ஞானத்தில் வேலை கிடைத்ததா? இல்லை. அந்நாளில் இந்தியனுக்கு அப்படி ஒரு வேலையே இல்லை என்று சொல்லலாம். கல்வித் துறையின் உயர்ந்த இடங்களில் வெள்ளையர் அமர்ந்திருந்தனர். சிவில் சர்வீஸ் தேர்வு எழுத இலண்டனுக்குப் போகவேண்டும். மேற்படிப்புக்கும் இங்கிலாந்துதான் வழி. சென்னையில் அவரைச் சோதித்த மருத்துவர், அந்த நாட்டுக் குளிரை இந்த மெலிந்த உடம்பு தாங்காது என்று தடுத்துவிட்டார். அவர் அண்ணன் சுப்பிரமணிய ஐயர் ஏற்கெனவே நிதித் துறையில் இருந்தார். அந்தத் துறைக்கான தேர்வு இந்தியாவிலேயே நடந்தது. தம்பியும் எழுதினார். பௌதிகம் படித்தவர் வரலாறும் பொருளாதாரமும் உருப்போட்டு 1907இல் முதலாவதாகத் தேறினார்.

அதே ஆண்டில் அவருக்குத் திருமணமும் நடந்தது. வீணை வாசிக்கத் தெரிந்த லோகசுந்தரியை அவரே விரும்பித் தேர்ந்தார், வரதட்சிணை வாங்கவில்லை. இருவரும் கல்கத்தாவுக்கு இரயில் ஏறினர். உதவிக் கணக்காயர் பதவி. சம்பளம் 400 ரூபாய். அதில் மணமானவர் என்பதற்காகச் சேர்த்துக் கொடுத்த படியும் அடக்கம். பத்தொன்பது வயதுகூட நிரம்பாத ஒருவருக்கு அது பெருந்தொகை. நண்பர்களே, இங்கே கதை முடிந்திருக்கவேண்டும். ஆயிரம் பேருக்கு இந்த இடத்தில்தான் முடிகிறது. உத்தியோகம், மனைவி, வீடு. பழைய பௌதிகப் புத்தகங்கள் பரண்மேல்.

ஒருநாள் மாலை அலுவலகம் விட்டு டிராம் வண்டியில் திரும்பும்போது பௌபஜார்த் தெருவில் ஒரு பலகை அவர் கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்று எழுதியிருந்தது. வண்டியிலிருந்து இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். ஆசுதோஷ் தே என்பவர் திறந்தார். பிற்காலத்தில் இராமனுக்கு வலக்கையாக இருந்து உழைத்த உதவியாளர் இவர்தான்.

அந்தக் கழகத்தை 1876இல் நிறுவியவர் மகேந்திரலால் சர்க்கார். அவரும் ஒருவகையில் தொழில் மாறியவரே. மேனாட்டு மருத்துவத்தில் உயர்ந்த பட்டம் பெற்றிருந்தும், மனத்துக்குச் சரியென்று பட்டதால் ஓமியோபதிக்கு மாறி, சகமருத்துவர்களின் பகையைத் தேடிக்கொண்டவர். இந்தியர் தாமே விஞ்ஞான ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று பணம் திரட்டிக் கட்டடம் எழுப்பினார். சொற்பொழிவுகள் நடந்தன, ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் வரவில்லை. 1904இல் அந்த ஏக்கத்தோடு அவர் மறைந்தார். மூன்று ஆண்டு கழித்து ஒரு தமிழ் இளைஞர், அதுவும் கணக்குத் துறை ஊழியர், வந்து இங்கே மாலை நேரத்தில் சோதனை செய்யலாமா என்று கேட்டபோது, மகன் அமிர்தலால் சர்க்கார் மகிழ்ந்து இடம் கொடுத்தார்.

அதன்பிறகு இராமனுடைய நாள் எப்படிக் கழிந்தது என்று பாருங்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கழகம். ஒன்பதே முக்காலுக்கு ஓடிவந்து குளியல், சாப்பாடு. உடனே வாடகை வண்டி பிடித்து அலுவலகம். மாலை ஐந்து மணிக்கு நேரே கழகம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து. ஞாயிற்றுக்கிழமையும் கழகமே. பகலில் ஆங்கில அரசாங்கத்தின் கணக்கு. காலையிலும் இரவிலும் வில்லால் இழுக்கப்படும் கம்பியின் அதிர்வு. அவர் அந்நாளில் பெரும்பாலும் இசைக் கருவிகளையே ஆராய்ந்தார். விலை உயர்ந்த கருவிகள் கழகத்தில் இல்லை. பிடிலும் தம்பூராவும் எங்கும் கிடைத்தன. கையில் கிடைத்ததை வைத்துக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார். மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரிய சோறு ஒரு தோற்கருவியை எப்படிச் சுருதி சேர்ந்து ஒலிக்கச் செய்கிறது என்று பின்னாளில் அவர் விளக்கியதற்கு விதை இங்கேதான் விழுந்தது.

1909இல் இரங்கூனுக்கு மாற்றல் வந்தது. இரங்கூன் எங்கள் தீவுக்குச் சென்னையைவிட அருகில் உள்ள ஊர். அப்போது அந்தமான் கைதிகளின் தீவு. செல்லுலார் சிறை கட்டி முடிந்தே மூன்றாண்டுதான் ஆகியிருந்தது. மறு ஆண்டு நாகபுரி. 1911இல் மீண்டும் கல்கத்தா. கழகத்தைப் பிரிந்திருந்த நாட்களிலும் வீட்டிலேயே ஓர் இடம் ஒதுக்கிச் சோதனைகளைத் தொடர்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். உத்தியோகத்திலும் அவர் சோம்பவில்லை. பதவி உயர்ந்துகொண்டே வந்தது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மனத்துக்குப் பிடிக்காத வேலையை அரைகுறையாகச் செய்வதே உயர்ந்த உள்ளத்தின் அடையாளம் என்று நம்மில் சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இராமன் அந்தக் கட்சி அல்லர்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த சர் ஆசுதோஷ் முகர்ஜி இந்தக் கணக்கு அதிகாரியைக் கவனித்து வந்தார். வழக்கறிஞர் தாரகநாத் பாலித் கொடுத்த பெருங்கொடையால் பௌதிகப் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்பட்டிருந்தது. அதை ஏற்க இராமனை அழைத்தார். சம்பளம் அவர் வாங்கிக்கொண்டிருந்ததில் ஏறக்குறையப் பாதி. இன்னொரு தடையும் இருந்தது. அந்தப் பதவிக்கு வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்பது விதி. பயிற்சிக்காக வெளிநாடு போகமாட்டேன் என்று இராமன் மறுத்துவிட்டார். விதிதான் வளைந்தது. 1917 ஜூலையில், இருபத்தெட்டாவது வயதில், அரசாங்க உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார்.

இதைத் துணிச்சல் என்று எல்லோரும் புகழ்கிறார்கள். புகழட்டும். எனக்கு என்னவோ, 1917இல் நடந்தது வெறும் கையெழுத்து என்றே தோன்றுகிறது. தொழில் மாறியது 1907இல், அந்தக் கதவைத் தட்டிய மாலையில். பத்தாண்டு அவர் இரண்டு தொழிலும் செய்தார். ஒன்று மற்றொன்றுக்குச் சோறு போட்டது. விட்டபோது, எந்த வேலைக்குப் போகிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவருக்கு வாய்த்த வசதிகளையும் மறக்கக்கூடாது. நடந்து போகும் தூரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடம்; ஓராண்டா ஈராண்டா, பத்தாண்டும் வீட்டுச் சுமையை ஏற்ற லோகசுந்தரி அம்மையார். காலை ஐந்தரைக்குப் புறப்படும் கணவருக்கு முன்னே எழுந்தவர் யார் என்பதை எந்தப் பரிசுப் பட்டியலும் குறிப்பதில்லை.

1921இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்குப் போய்த் திரும்பும்போது, நார்க்குண்டா என்னும் கப்பலில் இருந்து மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டார். வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்று அதுவரை பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் பையில் நிக்கால் பட்டகம் ஒன்று இருந்தது. அதன் வழியே தக்க கோணத்தில் பார்த்தால் நீரின் மேல் பளபளக்கும் வானத்து ஒளி மறைந்துவிடும். மறைத்துப் பார்த்தார், நீலம் மறையவில்லை, முன்னிலும் ஆழ்ந்து தெரிந்தது. ஆகவே நிறம் நீருக்கே உரியது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று எழுதினார். சிவப்பு ஒளியை நீர் உறிஞ்சிக்கொள்வதும் அந்த நீலத்துக்குப் பெரிய காரணம் என்பதை இன்று நாம் சேர்த்துச் சொல்கிறோம். எனினும் அந்தக் கேள்விதான் அவரை 1928 பிப்ரவரி 28க்குக் கொண்டு சேர்த்தது. அந்த ஆராய்ச்சியில் உடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இரசாயனச் செய்முறை ஆசிரியராக இருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு இராமனைத் தேடிக் கல்கத்தாவுக்குப் போனார்.

ஒன்றை மட்டும் மறைக்க விரும்பவில்லை. 1933இல் இராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். அவ்வாண்டு கமலா பாக்வத் என்னும் மாணவி ஆராய்ச்சிக்கு இடம் கேட்டார்; பெண் என்பதால் இராமன் மறுத்தார். அந்தப் பெண் விடவில்லை. கடைசியில், ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். அவரே பின்பு கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்ற கமலா சோஹோனி. தமக்கு ஒரு கதவு திறந்ததை வாழ்நாளெல்லாம் நினைத்திருந்த மனிதர், தாம் கதவருகே நின்றபோது தாழ்ப்பாளைப் போட்டார். கப்பலின் மேல்தளத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஊரில் ஒருநாள் மாலை இவ்வளவையும் அப்பாவிடம் சொன்னேன். சாலையோரம் நின்றுகொண்டிருந்தோம், எதிரே எங்கள் வயல், அதாவது தண்ணீர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாதிச் சம்பளத்துக்குப் போனாரே, அவருக்கு நிலம் ஏதாவது இருந்ததா என்றார். பேராசிரியர் வேலையே நிலையான வேலைதான் என்றேன். அப்படியானால் அது வேறு கதை என்றார். உண்மைதான். எனக்குக் கிடைக்கக்கூடிய ஆராய்ச்சி உதவித்தொகை ஐந்தாண்டுக்குத்தான். அதன்பின் என்ன என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

உத்தியோகத் தேர்வுக்கு அன்றிரவே விண்ணப்பம் போட்டேன். உதவித்தொகைத் தேர்வுக்கு முன்னரே போட்டிருந்தேன்.

புறப்படும் முன்னாள், வயல் நீர் கொஞ்சம் வேண்டும் என்றேன். கலங்கிய உவர்நீரில் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதே இந்த ஆண்டு என் ஆய்வுப் பயிற்சி. அதனால் என்ன பயன், உப்பு போய்விடுமா என்று அப்பா கேட்டார். போகாது என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். எனக்கு எங்கே காலை வைப்பது என்று தெரியவில்லை. அவர் தடுமாறாமல் நடந்தார், ஏனெனில் வரப்பு எங்கே கிடக்கிறது என்பது அவர் கால்களுக்குத் தெரியும். வரப்போரம் இரண்டு, நடுவயலில் இரண்டு, மதகு இருந்த இடத்தில் இரண்டு. ஆறு புட்டிகளுக்கும் சீட்டு ஒட்டி, எந்தப் புட்டி எந்த இடம் என்று கடைக் கணக்கு எழுதும் கையெழுத்தில் அவரே எழுதித் தந்தார்.